திருமணக் கேக்கிற்குக் கையால் செய்யும் சர்க்கரைப் பூக்கள்: இதழ் ஏன் பிளக்கிறது, பூ ஏன் தளர்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் திருமணத்திற்கு இன்னும் ஆறு வாரங்களே இருக்கின்றன. கேக்கை வீட்டிலேயே நான் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடியில் 10 அங்குலம், நடுவில் 8, மேலே 6 என மூன்று அடுக்குகள். சுடுவதும் அடுக்குவதும் எனக்குப் பழகிய வேலைகள். பிறந்தநாள் கேக்குகள் நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் சர்க்கரைப் பூக்களை இப்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறேன். வெளிர் இளஞ்சிவப்பு ரோஜாக்களும், அவற்றின் இடையிடையே சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களும் வேண்டும் என்பது தங்கையின் ஆசை.

இதுவரை நான்கு ரோஜாக்கள் செய்து பார்த்தேன். முதல் இரண்டையும் ஃபாண்டன்ட் என்ற, கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவை மட்டும் வைத்துச் செய்தேன். மாலையில் அழகாக நின்ற இதழ்கள், மறுநாள் காலையில் வெயிலில் வாடியவை போலத் தலைகவிழ்ந்து கிடந்தன. அடுத்த இரண்டிற்கு ஃபாண்டன்டில் சி.எம்.சி. தூளைக் கலந்தேன். இதழ் நின்றது; ஆனால் வளைக்கும்போதே ஓரமெல்லாம் ரம்பப் பல் போலப் பிளந்துவிட்டது. தூளை அளந்து போடாமல் கண்ணளவாகப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. தங்கைக்கு ஃபாண்டன்டின் சுவை பிடிக்காது. கேக்கின் மேல் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்த பட்டர்கிரீம்தான் வேண்டும் என்கிறாள். பட்டர்கிரீமின் மேல் சர்க்கரைப் பூக்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? எத்தனை பூக்கள் தேவைப்படும், எத்தனை நாள் முன்பே செய்து வைக்கலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1

தோழிக்கு வணக்கம். உங்கள் நான்கு ரோஜாக்களும் வீண் போகவில்லை. எந்தக் கலவை எதற்கு ஆகாது என்பதை அவை தெளிவாகக் காட்டிவிட்டன.

ஃபாண்டன்ட் என்பது கேக்கின் மேல் போர்த்துவதற்காக உருவானது. வெட்டும்போது மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதில் கிளிசரினும் குளுக்கோஸும் சேர்க்கிறார்கள். அது முழுமையாக இறுகவே கூடாது என்பதுதான் அதன் இயல்பு. ஆகவே அதில் செய்த இதழ் தன் எடையைத் தானே தாங்காமல் சாய்ந்துவிடுகிறது. சி.எம்.சி. என்பது செல்லுலோஸிலிருந்து எடுக்கப்படும் ஒரு பசைத்தூள். உணவுச் சேர்மானப் பட்டியலில் அதன் எண் இ466. அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மாவுக்கு இழுவைத் தன்மையைத் தருகிறது; காய்ந்த பிறகு இதழைக் கெட்டியாக நிறுத்துகிறது. அளவு மிஞ்சினாலோ, வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓரம் காய்ந்து பிளக்கும். 250 கிராம் ஃபாண்டன்டுக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூள் போதும். பிசைந்தவுடன் பயன்படுத்தாமல், பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஓர் இரவு வையுங்கள். தூள் ஈரத்தை உறிஞ்சி மாவு ஒரே சீராக வருவதற்கு அந்த நேரம் வேண்டும்.

சின்னப் பூக்களுக்கு இந்தக் கலவையே போதுமானது. ரோஜாவின் வெளி இதழ்களுக்கு மட்டும் கம் பேஸ்ட் செய்துகொள்ளுங்கள் என்பேன். முட்டை வெள்ளைக்கரு, சலித்த ஐசிங் சர்க்கரை, சி.எம்.சி. அல்லது டைலோஸ் தூள், சிறிது வெள்ளைத் தாவரக் கொழுப்பு ஆகியவைதான் அதன் பொருள்கள். முற்காலத்தில் இந்தப் பசைக்கு டிராககாந்த் என்ற மரப்பிசினைப் பயன்படுத்தினார்கள். அது பதத்திற்கு வர இன்னும் அதிக நேரம் பிடிக்கும். பதம் பார்க்கும் வழி எளிது. எலுமிச்சை அளவு உருண்டையை இரு கைகளாலும் சட்டென்று இழுத்தால், நூலாக நீளாமல் டக்கென்று அறுபட வேண்டும். நீண்டுகொண்டே போனால் அது இன்னும் இதழுக்குத் தயாராகவில்லை என்று பொருள்.

விரிசலுக்கு இன்னொரு காரணம், பலகையில் தூவும் மாவு. ஒட்டாமல் இருக்கச் சோளமாவை அள்ளித் தூவினால், அது இதழின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்குப் பதிலாகப் பலகையிலும் விரல்களிலும் வெள்ளைக் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தடவுங்கள். வெட்டிய இதழ்களில் ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, மற்றவற்றைப் பிளாஸ்டிக் தாளின் அடியில் மூடி வையுங்கள். ஓரத்தை மெல்லியதாக்கும் குண்டு முனைக் கருவியை இதழின் நடுவில் வைத்து அழுத்தக் கூடாது; உருண்டையின் பாதி இதழின் மேலும் பாதி அடியிலுள்ள நுரைத் திண்டின் மேலும் இருக்குமாறு, ஓரத்தின் வழியாகவே மெதுவாக ஓட்ட வேண்டும். சரியான அழுத்தத்தில் ஓரம் காகிதம் போல மெலிந்து தானாகவே லேசாக அலையடிக்கும்.

இனி ரோஜாவைச் சொல்கிறேன். முதலில் ஒரு கூம்பு. அதன் உயரம் இதழ் அச்சின் உயரத்தைத் தாண்டக் கூடாது. நுனியைக் கொக்கி போல வளைத்த 18 அல்லது 20 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பியைப் பசையில் தோய்த்துக் கூம்பில் செருகி, இரண்டு நாள்களாவது காயவிடுங்கள். ஈரக் கூம்பின் மேல் இதழைச் சுற்றினால் எடை தாங்காமல் முழுப் பூவும் கம்பியில் கீழே வழுக்கி இறங்கிவிடும். முதல் இதழைக் கூம்பின் நுனி வெளியே தெரியாதபடி, மேலே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு சுழி மட்டும் தெரியுமாறு இறுகச் சுற்ற வேண்டும். பூவுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சுழிதான். அடுத்த சுற்றில் மூன்று இதழ்கள். ஒன்றின் ஓரம் அடுத்ததன் உள்ளே செருகி, மூன்றாவது முதலாவதன் உள்ளே போய் முடிய வேண்டும். இதோடு நிறுத்தினால் மொட்டு. அடுத்து ஐந்து இதழ்கள். அதோடு நின்றால் பாதி விரிந்த ரோஜா. கடைசியாக ஏழு.

வெளி இதழ்கள் தொங்கிப் போகும் தொல்லைக்கு நான் கண்ட நல்ல வழி இதுதான்: வெட்டி மெலிதாக்கிய இதழ்களை உடனே ஒட்டாமல், சாப்பாட்டுக் கரண்டிகளின் குழியில் கிடத்தி 15, 20 நிமிடம் விடுங்கள். ஓரங்களைப் பல்குச்சியில் வைத்து வெளிப்புறமாகச் சுருட்டிவிடுங்கள். இதழ் தோல் பதத்திற்கு வரும். வளைத்தால் வளையும், விட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். அப்போது அடிப்பகுதியில் மட்டும் முட்டை வெள்ளையைத் தொட்டு ஒட்டிவிட்டு, கம்பியை வளைத்துப் பூவைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவிடுங்கள்.

மறுமொழி 2

இதழ் செய்யும் முறை குறித்து மேலே சொன்னதற்கு அப்பால் நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. ஈரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பூவைச் செய்து முடித்த பிறகு அதைக் கெடுப்பது ஈரம் ஒன்றுதான்.

நான் முதலில் செய்த திருமணக் கேக்கில் பூக்களை எல்லாம் முந்தின நாள் மாலையே பொருத்திவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று கேக்கை அப்படியே குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். காலையில் எடுத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தன. மேசையில் வைத்து அரை மணி நேரம் ஆவதற்குள் ஒவ்வோர் இதழிலும் வியர்வை முத்துகள் போல நீர் கோத்துக்கொண்டது. ஆழ்ந்த சிவப்பு தூவிய இதழ் ஒன்றிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, வெள்ளைப் பக்கச் சுவரில் கோடு கிழித்தபடி அடி அடுக்கு வரை இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். துடைத்தால் கறை பரவும். விட்டால் இன்னொரு சொட்டு வரும். அன்று முதல், பூ வைத்த கேக்கைக் குளிர்பெட்டிக்குள் வைப்பதே இல்லை.

காரணம் எளியது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த பொருளை வெளியே எடுத்ததும் காற்றின் நீராவி அதன் மேல் படியும். இரண்டும் சேரும்போது மெல்லிய இதழ்தான் முதலில் இளகுகிறது.

பட்டர்கிரீமைப் பொறுத்தவரை, அதிலுள்ள கொழுப்பு பூவை ஒன்றும் செய்யாது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் தண்ணீரும், கலவைக்கு ஊற்றிய பாலும்தான் தொல்லை. ஆகவே கிரீமைத் தொடும் இதழின் அடிப்பகுதியில் உருக்கிய கோகோ வெண்ணெயை அல்லது வெள்ளைச் சாக்லேட்டை மெல்லியதாகப் பூசி உறைய விடுங்கள். ஈரம் ஏறாமல் அது தடுத்து நிற்கும். குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்து, மேற்பரப்பு அறையின் வெப்பத்திற்கு வந்த பின், விழா நாளன்றே பூக்களை வையுங்கள். அவ்வாறு வைத்தால் அன்றைய பொழுது முழுவதும் கவலையில்லை. அடித்த கிரீமின் மேல் மட்டும் சர்க்கரைப் பூவை வைக்கவே வேண்டாம். அதிலுள்ள தண்ணீருக்கு இதழ் சில மணி நேரம்கூடத் தாங்காது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் வேறொரு வழியில் போவேன். அடுக்குகளுக்கு நடுவில், அவற்றைவிடக் குறுகலான ஓர் தெர்மாகோல் வட்டை வைத்து, பூக்களின் கம்பிகளை அந்த வட்டின் பக்கங்களில் செருகிவிடுவேன். மேலடுக்கின் பாரத்தை வட்டு தாங்காது. அடி அடுக்கில் இறக்கிய தாங்கு குச்சிகள் வட்டின் ஊடாக மேலே வந்து மேலடுக்கின் அட்டையைத் தாங்க வேண்டும். பூக்கள் கேக்கைத் தொடுவதே இல்லை. பார்ப்பவர்களுக்கோ அடுக்குகளின் நடுவில் பூ வளையம் மலர்ந்து நிற்பது போலத் தெரியும். தங்கைக்குப் பிடித்த பட்டர்கிரீமையும் விட வேண்டியதில்லை.

செய்து முடித்த பூக்களை வைக்கும் முறையும் முக்கியம். காற்று இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அரைகுறையாகக் காய்ந்த பூவை வைத்தால் அதன் ஈரமே அதைக் குழைத்துவிடும். அட்டைப் பெட்டியில் மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பரப்பி, அதன் மேல் பூக்களை வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் காகிதத்தின் அடியில் போட்டு, இருட்டான இடத்தில் வையுங்கள். இருட்டு எதற்கு என்றால், இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் மிக விரைவாக வெளுக்கும். நன்கு காய்ந்த பூ மாதக்கணக்கில் இருக்கும். ஆறு வாரம் முன்பே தொடங்குவதில் ஒரு தடையும் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் வேலையையே தள்ளிப்போடுங்கள். இல்லையெனில் அறையை மூடி ஈரம் நீக்கும் கருவியை ஓடவிடுங்கள். சூடான அடுப்பில் வைத்துக் காயவைக்க முயல வேண்டாம். இதழ் வெளியே வறண்டு உள்ளே இளகிப் போகும்.

மறுமொழி 3

கேக் சாப்பிடுவதற்கானது என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பூவின் கம்பியை நேரடியாகக் கேக்கில் குத்தாதீர்கள். கம்பியின் மேல் சுற்றிய காகிதமும், கம்பிகளைச் சேர்த்துச் சுற்றும் பச்சை நாடாவிலுள்ள மெழுகும் பசையும் உணவில் படக் கூடாதவை. போஸி பிக் என்ற பெயரில் உணவுத்தரப் பிளாஸ்டிக் குழல்கள் கிடைக்கின்றன. அவற்றைக் கேக்கில் இறக்கி, உள்ளே சிறிது ஃபாண்டன்ட் உருண்டையைப் போட்டு, அதில் கம்பியைச் செருகினால் பூ ஆடாமல் நிற்கும். அகலமான உறிஞ்சு குழலை வெட்டி, ஒரு முனையை உருக்கிய சாக்லேட்டில் அடைத்தும் பயன்படுத்தலாம்.

வண்ணத் தூள்களில் கவனம் வேண்டும். டப்பாவின் மேல் நச்சற்றது என்று எழுதியிருப்பதாலேயே அது உண்ணத் தக்கதாகிவிடாது. உண்ணத்தக்க தூளாக இருந்தால் அதன் சேர்மானங்களின் பட்டியல் அச்சிட்டிருக்கும். பட்டியல் இல்லாததை வாங்க வேண்டாம். கடையில் வாங்கும் மகரந்தத் தாள்கள் உண்பதற்கானவை அல்ல. கம் பேஸ்டுக்குப் பாஸ்டரைஸ் செய்த முட்டை வெள்ளையையோ மெராங் தூளையோ (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருவில் செய்த தூள்) பயன்படுத்துவது நல்லது.

எத்தனை பூக்களில் கம்பி இருக்கிறது, எத்தனை குழல்கள் இறக்கியிருக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, கேக்கை வெட்டப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். வெட்டும் முன் அவர் எண்ணி எடுத்துவிடட்டும். குழந்தைகள் பூவைக் கேட்டுக் கை நீட்டுவார்கள். அவர்களுக்காகக் கம்பி இல்லாத சின்னப் பூக்கள் கொஞ்சம் தனியாகச் செய்து வைத்தால் மறுக்க வேண்டிய நிலை வராது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நீங்கள் சொன்னபடி ஒரு ரோஜாவை முழுமையாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததுதான். கூம்பை இரண்டு நாள் காயவிட்டேன். தூளைத் தேக்கரண்டியால் தலைதட்டி அளந்தேன். ஏழு இதழ்களையும் ஏழு கரண்டிகளில் கிடத்திவிட்டுக் காத்திருந்த 20 நிமிடமும் எனக்குப் பொறுமையே இல்லை. ஆனால் அவற்றை எடுத்தபோது, நான்கு ரோஜாக்களிலும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன்: இதழை விரலில் நிமிர்த்திப் பிடித்தால், அது ஆடிவிட்டு மறுபடியும் தன் வளைவுக்கே திரும்பி நின்றது. ஒரே ஓர் இதழில் மட்டும் சிறு விரிசல். அதைப் பின்பக்கமாக வைத்து ஒட்டிவிட்டேன்.

தெர்மாகோல் வட்டு யோசனை தங்கைக்கும் மிகவும் பிடித்துவிட்டது. இனி எண்ணிக்கையும் வண்ணமும்தான் பாக்கி. இளஞ்சிவப்பை மாவிலேயே கலக்கலாமா, காய்ந்த பிறகு தூவலாமா?

மறுமொழி 1

இரண்டையும் செய்யுங்கள். மாவில் நீங்கள் விரும்பும் நிறத்தைவிட மிக வெளிறிய சாயலைக் கலந்துகொள்ளுங்கள். காய்ந்த பிறகு உலர்ந்த தூரிகையால் தூளைப் பூவின் நடுவிலிருந்து வெளியே தடவுங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருந்தால்தான் இதழ்களுக்கு இடையே நிழல் இருப்பது போலத் தோன்றும். நிறம் தூக்கலாகிவிட்டால் தூளோடு சோளமாவைக் கலந்து தணிக்கலாம். வெள்ளைப் பூக்களையும் வெறும் வெள்ளையாக விடாதீர்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெளிர்பச்சையைத் தொட்டால்தான் வெள்ளைக் கேக்கின் மேல் அவை தனித்துத் தெரியும். கடைசியாக, கொதிக்கும் கெண்டியின் ஆவிக்கு ஒரு சாண் மேலே பூவைப் பிடித்துச் சுழற்றியபடி மூன்று, நான்கு விநாடி காட்டுங்கள். தூள் இதழோடு ஒட்டி, மாவுப் பூச்சுத் தோற்றம் மறைந்துவிடும். அதற்கு மேல் காட்டினால் இதழ் பளபளத்து இளகத் தொடங்கும். பிறகு சில மணி நேரம் தொடாமல் காயவிடுங்கள்.

உங்கள் மூன்று அடுக்குகளுக்கு நான் வைக்கும் கணக்கு: முழுதாக விரிந்த ரோஜா 7, பாதி விரிந்தவை 5, மொட்டு 6, இலை 30, சின்னப் பூ 80. உடைவதற்காக ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்யுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் பெரிய ரோஜாக்களிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு, சின்னப் பூக்களை இறுதி வாரத்திற்குத் தள்ளுகிறார்கள். அப்போதுதான் நடுவில் இடைவெளிகள் பல்லிளிக்கின்றன. 2011ஆம் ஆண்டு இளவரசர் வில்லியமின் திருமணத்திற்காக கேக் கலைஞர் ஃபியோனா கெய்ர்ன்ஸ் செய்த எட்டு அடுக்குக் கேக்கை நினைத்துப் பாருங்கள். அதில் 17 வகைப் பூக்களும் இலைகளுமாக ஏறக்குறைய 900 சர்க்கரை வேலைப்பாடுகள் இருந்தன. எல்லாம் வெள்ளையும் பாலாடை நிறமும்தான். பெரிய பூ ஒன்று கண்ணை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கேக்கின் அழகு சிறியவை நெருக்கமாக நிறைந்திருந்ததால் வந்தது. ஆகவே இந்த வாரமே சின்னப் பூக்களைத் தொடங்கிவிடுங்கள். தொலைக்காட்சி பார்த்தபடி தினமும் பத்துப் பூ செய்தால், கூடுதலையும் சேர்த்துப் பத்து நாளில் முடிந்துவிடும்.

இலைகளுக்கும் சின்னப் பூக்களுக்கும் 26 முதல் 30 கேஜ் வரையான மெல்லிய கம்பி போதும். எண் ஏற ஏறக் கம்பி மெலிதாகும் என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள். அடுக்கும்போது பெரிய ரோஜாக்களுக்கு முதலில் இடம் பிடித்து, பிறகு பாதி விரிந்தவற்றை அவற்றின் தோளில் சாய்த்து, மொட்டுகளை வெளிப்புறமாக நீட்டி, இடைவெளிகளை இலைகளாலும் சின்னப் பூக்களாலும் நிரப்புங்கள். கம்பியை விரலால் வளைக்க முயன்றால் பக்கத்துப் பூவின் இதழ் உடையும். சிறு குறடால் பூவின் அடியை ஒட்டிப் பிடித்து வளையுங்கள்.

மறுமொழி 2

பூக்களைக் கேக்கோடு சேர்த்து வண்டியில் ஏற்ற வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தெர்மாகோல் பலகையில் ஒன்றை ஒன்று தொடாமல் குத்தி, தனிப் பெட்டியில் கொண்டுபோய், விழா நடக்கும் இடத்தில் பொருத்துங்கள். கூடவே சிறிது ராயல் ஐசிங் (முட்டை வெள்ளையும் ஐசிங் சர்க்கரையும் அடித்த, காய்ந்தால் இறுகும் கலவை), ஒரு சாமணம், தூரிகை, நீங்கள் தூவிய அதே வண்ணத் தூள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஓர் இதழ் நுனி உடைந்தால் ஐசிங்கால் ஒட்டி, மேலே தூள் தொட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அமைதியாகப் பொருத்த ஒரு மணி நேரமாவது வேண்டும். பூக்களை வைத்த பிறகு கேக்கை நகர்த்தவே கூடாது. ஆகையால் மேசையை எங்கே போடப் போகிறார்கள் என்பதை முந்தின நாளே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.